உக்ரைன் படைப்பயிற்சிக்கு அமெரிக்கா போட்ட சட்டம்: மொத்தம் எவ்வளவு, பூட்ஸ் யார் காசு?

#1 வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நடப்பு நிகழ்வுகள் வகுப்பு எடுக்கிறேன். அவர்களுக்காக ஓர் அட்டவணை போட உட்கார்ந்தேன், இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது.

2014இல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டதிலிருந்து, கூட்டாளி நாடு என்று உக்ரைன் படைக்குப் பயிற்சியும் தளவாடமும் கொடுக்க அமெரிக்க காங்கிரஸ் (நம்மூர்க் கட்சி இல்லை, அவர்களுடைய நாடாளுமன்றம்) வரிசையாகச் சட்டம் போட்டிருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட உக்ரைன் சுதந்திர ஆதரவுச் சட்டத்தில் மூன்று ஆண்டுக்கு 35 கோடி டாலர். 2015 நவம்பரில் வந்த பாதுகாப்பு அனுமதிச் சட்டத்தின் 1250ஆம் பிரிவில் 30 கோடி. ‘உக்ரைன் பாதுகாப்பு உதவி முன்முயற்சி’ என்ற பெயர் அந்தப் பிரிவில்தான் வருகிறது. ஒரு மாதம் கழித்து டிசம்பரில் இன்னொரு சட்டம், அதே முன்முயற்சிக்கு 25 கோடி என்கிறது. கூட்டினால் 90 கோடி. ஆனால் அந்த ஆண்டுகளில் அவ்வளவு கொடுத்ததாக எங்கேயும் காணோம்.

என் கேள்விகள்: எங்கே இரட்டிப்பாகக் கூட்டினேன்? இந்தப் பணம் கீவ் அரசின் கணக்குக்கே போகிறதா? மூன்றாவது கேள்வி என் மாணவி ஒருத்தி கேட்டது, பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன்: “சார், பயிற்சிக்கு வருகிற சிப்பாயின் பூட்ஸுக்கு யார் காசு கொடுப்பார்கள்?”

#2 கருவூலத்தார்

தம்பி, 31 வருடம் கருவூலத்தில் பில் பார்த்தவன் சொல்கிறேன். அரசாணையையும் ஒதுக்கீட்டையும் சேர்த்துக் கூட்டிவிட்டீர்கள்.

நம்மூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்ட நிர்வாக ஒப்புதல் அளித்து அரசாணை வரும். அன்றைக்கே ஊரில் வெடி போட்டு, சுவரொட்டி ஒட்டி, எம்.எல்.ஏ.வுக்குச் சால்வை போர்த்துவார்கள். அந்த அரசாணையைத் தூக்கிக்கொண்டு கருவூலத்துக்கு வந்தால் ஒரு ரூபாய் பெயராது. நிதி ஒதுக்கி, உரிய கணக்குத் தலைப்பில் பணம் ஏறினால்தான் பில் பாஸாகும்.

அங்கேயும் இதே கதைதான். ஆண்டுதோறும் வரும் பாதுகாப்பு அனுமதிச் சட்டம் ‘இந்த வேலையைச் செய்யலாம், இவ்வளவு வரை போகலாம்’ என்று சொல்கிறது. அது உச்சவரம்பு. பணத்தைக் கையில் கொடுப்பது ஒதுக்கீட்டுச் சட்டம், அது தனி. இரண்டையும் எழுதும் குழுக்களே வேறு வேறு. 2016 நிதியாண்டுக்கு அனுமதி 30 கோடி, ஒதுக்கீடு 25 கோடி. உங்கள் அட்டவணையில் 25தான் நிற்க வேண்டும். 2018இல் இன்னும் வேடிக்கை: அனுமதி 35 கோடி, கொடுத்தது 20 கோடி. 2014 சட்டத்தின் 35 கோடியும் அனுமதி வகைதான், அதைத் தனிப் பணமாகக் கூட்டாதீர்கள்.

இன்னொன்று, அவர்களுடைய நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கி செப்டம்பர் 30இல் முடியும். ‘2016ஆம் ஆண்டு’ என்று எழுதினால் பிள்ளைகள் ஜனவரி என்று நினைத்துக்கொள்வார்கள்.

#3 வைகைக்கரை

ஐயா, கோடி நன்றி. ‘உச்சவரம்பு’ என்ற ஒரு சொல் எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அப்போ இந்த 25 கோடி கீவுக்குப் போய்ச் சேருமா?

#4 சுழியம்

சேராது, சார். அமெரிக்காவைவிட்டு ஒரு டாலர் வெளியே போகாது. சட்டத்தின் பெயரில்தான் உக்ரைன், செக்கு போவது ஆயுதக் கம்பெனிக்கு. பயிற்சி, உதவி, நட்பு எல்லாம் மேலே பூசிய சுண்ணாம்பு. ஆப்கானிஸ்தானில் இருபது வருடம் பார்த்த படத்தின் இரண்டாம் பாகம் இது. அப்புறம், உக்ரைன் நேட்டோவிலேயே இல்லை. கூட்டாளி நாடு என்று யார் முடிவு செய்தார்கள்?

#5 கருவூலத்தார்

சுழியம் தம்பி பாதி சரி. நேட்டோவில் இல்லை என்பது உண்மை, காப்பாற்ற வேண்டிய உடன்படிக்கைக் கடமை ஏதும் அமெரிக்காவுக்கு இல்லை. ‘பங்காளி நாடு’ என்பது அவர்கள் வைத்த பெயர். நம்மூரில் பங்காளி என்றால் சொத்து வழக்கு நினைவுக்கு வரும் என்பது வேறு விஷயம்.

பணம் ரொக்கமாக கீவுக்குப் போவதில்லை என்பதும் ஏறக்குறைய சரி. இந்த முன்முயற்சியின் பணம் பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) கையில் இருக்கும். அவர்கள் ஒப்பந்தம் போட்டுப் பொருள் வாங்குவார்கள், பயிற்சிச் செலவைக் கட்டுவார்கள். இருக்கிற கையிருப்பிலிருந்து ஆயுதத்தை எடுத்துக் கொடுப்பது இன்னொரு வழி. அதற்கு வேறு சட்டப்பிரிவு, அதிபரே உத்தரவு போடலாம். பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகின்றன, வைகைக்கரை கவனிக்க.

ஆனால் பயிற்சி வெறும் பூச்சு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2015 ஏப்ரலில் இத்தாலியின் விசென்சாவிலிருந்து 173ஆவது பாராசூட் படைப் பிரிகேடின் சுமார் 300 பேர், லிவிவ் பக்கம் போலந்து எல்லையை ஒட்டிய யாவோரிவ் மைதானத்துக்குப் போய் இறங்கினார்கள். முதல் கட்டத்தில் உக்ரைனின் தேசியக் காவல் படைக்குத்தான் பயிற்சி. அதற்கு ஆன 1.9 கோடி டாலர் நாம் பேசும் முன்முயற்சியிலிருந்து வரவில்லை, வேறொரு நிதியிலிருந்து வந்தது. முன்முயற்சியே அந்த ஆண்டு நவம்பரில்தானே பிறந்தது! அதன் பிறகு ஒக்லஹோமா, நியூயார்க், டென்னசி என்று அமெரிக்க மாநிலங்களின் நேஷனல் கார்டு (பகுதிநேரப் படை) பிரிவுகள் முறைவைத்து வந்தன. கனடாவும் பிரிட்டனும் 2015இலேயே தனியாகப் பயிற்சி தொடங்கின. ஆயுதம் விற்க மட்டும் என்றால் இத்தனை மனிதர்களை ஏழு வருடம் அங்கே உட்கார வைத்திருக்க வேண்டியதில்லை.

#6 பழைய உஸ்தாத்

நான் அரசியல் பேசுவதில்லை. பயிற்சி என்றதும் கை பரபரத்தது, அதனால் எழுதுகிறேன். தரைப்படையில் ஹவில்தார். காலாட்படைப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் நான்கு வருடம் பயிற்றுநராக இருந்தேன். பயிற்றுநரை எங்கள் படையில் ‘உஸ்தாத்’ என்பார்கள், அந்தப் பெயரைத்தான் இங்கே வைத்திருக்கிறேன். நட்பு நாட்டுச் சிப்பாய்கள் எங்களிடம் வருவார்கள். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன்.

பட்ஜெட் போடுகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று: மொழிபெயர்ப்பாளர் நடுவில் நின்றால் எல்லாம் இரண்டு மடங்கு. நாற்பது நிமிடப் பாடம் எண்பது நிமிடம் ஆகும். இயந்திரத் துப்பாக்கி ஏன் அடைத்துக்கொண்டது, எப்படிச் சரிசெய்வது என்று நான் சொல்லி, அவர் சொல்லி, பையன்கள் அவரிடம் கேட்டு, அவர் என்னிடம் கேட்டு. இதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும்.

ஒரு நாள் கையெறி குண்டு வகுப்பு. பொம்மைக் குண்டு பத்து நாள் எறிந்து முடித்து, அன்றைக்கு உண்மையான குண்டு. குழிக்குள் நானும் ஒரு பையனும். மொழிபெயர்ப்பாளர் பின்னால் மறைவுச் சுவருக்கு அந்தப் பக்கம். பின்னைப் பிடுங்கு என்றேன், பிடுங்கினான். எறி என்றேன். அவன் எறியவில்லை. மொழிபெயர்ப்பாளர் என்ன சொல்கிறார் என்று கேட்க, குண்டைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் திரும்பினான்! நெம்புகோலை அழுத்திப் பிடித்திருந்த அவன் விரல்கள் மேல் என் இரண்டு கையையும் வைத்து அமுக்கி, அவனோடு சேர்ந்து திரும்பி, இருவருமாக எறிந்தோம். அன்று இரவு மெஸ்ஸில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தட்டிலிருந்த ஜிலேபியை என் தட்டில் வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாளே அவர்கள் மொழியில் ஐந்து சொற்கள் கற்றுக்கொண்டேன். படு, எறி, நிறுத்து, குனி, விடாதே. அதற்கு எந்தச் சட்டத்திலும் ஒதுக்கீடு கிடையாது.

யாவோரிவில் வந்த அமெரிக்கப் பயிற்றுநர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் வகுப்பு. ஒரு வித்தியாசம், அங்கே பயிற்சிக்கு வந்தவர்களில் பலர் கிழக்கு உக்ரைனின் டான்பாஸில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள். ரஷ்ய பீரங்கி எப்படி விழும், டிரோன் வந்து பார்த்துவிட்டுப் போன எத்தனை நிமிடத்தில் விழும், வயர்லெஸ்ஸை எப்படி முடக்குவார்கள் என்பதெல்லாம் மாணவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. உஸ்தாத்கள் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். இதை அமெரிக்கர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள்.

#7 நெய்தல்நிலா

அண்ணா, அந்த ஜிலேபி இடத்தில் நின்றுவிட்டேன். இன்னும் எழுதுங்கள்.

#8 தாமரைச்செல்வி

சுழியம் ஆப்கானிஸ்தானை இழுத்ததால் அதைக் கொஞ்சம் ஒழுங்காகப் பேசிவிடலாம். நான் தணிக்கைத் துறையில் இருக்கிறேன், இந்த அறிக்கைகளைப் படிப்பது ஒரு பைத்தியம்.

2005இல் காங்கிரஸ் ஆப்கன் பாதுகாப்புப் படை நிதி என்று தனியாக ஒன்றை உருவாக்கியது. 2001 முதல் 2021 வரை அந்நாட்டுப் படைகளைக் கட்டியெழுப்ப 8,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். உக்ரைனுக்கு 2016இல் தந்த 25 கோடியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தபோது அந்தப் படை கலைந்து போயிருந்தது.

இந்தச் செலவைத் தோண்ட காங்கிரஸே ஒரு சிறப்புத் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தை வைத்திருந்தது. அதன் அறிக்கைகளில் எனக்கு மறக்காத இரண்டு. ஆப்கன் படைச் சீருடைக்குக் காட்டு மரங்களின் பச்சைக் கோலம் போட்ட துணியைத் தேர்ந்தெடுத்தார்கள். தனியார் உரிமை பெற்ற வடிவம், அதனால் விலை கூடுதல். ஆப்கன் பாதுகாப்பு அமைச்சர் பார்த்தார், பிடித்தது, முடிந்தது. அந்த நாட்டில் காடு இருப்பது 2.1 சதவீத நிலத்தில். மிச்சம் மண்ணும் பாறையும். இதனால் 2.6 கோடி முதல் 2.8 கோடி டாலர் வரை தேவையில்லாமல் போனது என்று கணக்கிட்டார்கள்.

இன்னொன்று விமானம். இத்தாலியத் தயாரிப்பான ஜி222 சரக்கு விமானங்கள் 20, பழுதுபார்த்துக் கொடுக்கும் திட்டம், செலவு 54.9 கோடி டாலர். உதிரிபாகம் இல்லை, பராமரிப்பு இல்லை. காபூல் விமான நிலையத்தில் நின்ற 16 விமானங்களை வெட்டிப் பழைய இரும்பாக விற்றார்கள். பவுண்டுக்கு 6 சென்ட். நம் தெருவில் வரும் ‘பழைய இரும்பு, பேப்பர்’காரர் இதைவிட நல்ல விலை சொல்வார்.

ஆனால் படை விழுந்ததற்கு இவை காரணமில்லை என்றே நினைக்கிறேன். சம்பளம்தான் காரணம். சிப்பாயின் சம்பளமே அமெரிக்கப் பணத்தில் போனது. பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். பேய்ச் சிப்பாய்கள் என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. அந்தச் சம்பளம் மேலதிகாரி பைக்குப் போகும். உண்மையாக இருந்தவனுக்கோ மாதக்கணக்கில் பாக்கி. எண்ணிக்கை ஏற ஏற வாஷிங்டனில் ‘இத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம்’ என்று காட்டலாம். காட்டினார்கள்.

#9 சுழியம்

அக்கா நான் சொன்னதையே அழகாகச் சொல்லிவிட்டார். இதற்குப் பிறகும் என்ன விவாதம்?

#10 தாமரைச்செல்வி

நீங்கள் சொன்னது ‘பயிற்சி பூச்சு, எல்லாம் கம்பெனிக்கு’. நான் சொன்னது, சட்டத்தில் எந்த வரிக்குப் பணம் எழுதுகிறார்கள், அதை யார் எண்ணிப் பார்க்கிறார்கள் என்பது. இரண்டும் ஒன்றா? உக்ரைன் சட்டத்தை அவர்கள் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். 2017 நிதியாண்டிலிருந்து பாதித் தொகையைப் பிடித்து வைக்கச் சொன்னது சட்டம். உக்ரைன் பாதுகாப்புத் துறையில் சீர்திருத்தம் நடக்கிறது, படை குடிமக்கள் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது என்று பென்டகன், வெளியுறவுத் துறையோடு கலந்து சான்று கொடுத்தால்தான் மறுபாதி வெளியே வரும் என்று இருந்தது. இப்படி ஒரு கொக்கி ஆப்கன் நிதியில் தொடக்கத்திலிருந்தே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

#11 சுழியம்

ஒன்றும் ஆகியிருக்காது. சான்று கொடுத்திருப்பார்கள். சான்று கொடுப்பது யார்? பணம் செலவழிக்க ஆசைப்படுகிற அதே துறை.

#12 தாமரைச்செல்வி

இது நல்ல கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

#13 யாழ்நிலவன்

டொரொன்டோவில் இருந்து. லீஹி சட்டத்தைப் பற்றி இன்னும் ஒருவரும் கதைக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கட ஆக்களுக்கு அது பழகின பெயர்.

வெர்மாண்ட் மாநில செனட்டர் பேட்ரிக் லீஹி 1997இல் கொண்டுவந்தது. மோசமான மனித உரிமை மீறல் செய்ததாக நம்பத்தகுந்த தகவல் உள்ள வெளிநாட்டுப் படைப்பிரிவுக்கு அமெரிக்கப் பணத்தில் பயிற்சியோ ஆயுதமோ கொடுக்கக் கூடாது. வெளியுறவுத் துறைக்கு ஒரு பிரிவு, பென்டகனுக்கு ஒரு பிரிவு என்று இரண்டாக இருக்கிறது. கவனிக்க வேண்டியது, தடை படைப்பிரிவுக்குத்தான், நாடு முழுவதுக்கும் இல்லை. நாட்டோடு கைகுலுக்கிக்கொண்டே ஒரு பட்டாலியனை மட்டும் விலக்கலாம். இது சட்டத்தின் பலமா பலவீனமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உக்ரைனில் இது அசோவ் படையணியில் வந்து நின்றது. தொடங்கியவர்களில் பலர் தீவிர வலதுசாரிகள் என்பதால் 2015 ஜூனில் பிரதிநிதிகள் சபை அதற்குப் பயிற்சி கூடாது என்று திருத்தம் போட்டது. இறுதிச் சட்டத்தில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். 2018 மார்ச்சில் ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே நேரடியாக எழுதிவிட்டார்கள்: ஆயுதம், பயிற்சி, வேறு எந்த உதவியும் அசோவுக்கு இல்லை. 2024 ஜூனில் வெளியுறவுத் துறை, லீஹி சோதனையில் இப்போதைய படைப்பிரிகேடுக்கு எதிராக ஆதாரம் கிடைக்கவில்லை என்று சொல்லித் தடையை நீக்கியது.

இலங்கையைப் பற்றி ஒரு வரி. 2007 டிசம்பரில் வந்த அமெரிக்க ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இலங்கைக்கான இராணுவ நிதிக்கு மனித உரிமை நிபந்தனை வைத்தார்கள். கடல், வான் கண்காணிப்புக்கு மட்டும் விலக்கு. அதற்குப் பிறகு 2009இல் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். நிபந்தனை எழுதின சட்டம் ஒருவரையும் காப்பாற்றவில்லை. அதனால் சுழியம் சொல்வதையும் நான் முழுசாகத் தள்ள மாட்டேன்.

#14 கொங்குத்தம்பி

இலங்கை என்றதும் ஞாபகம் வருகிறது. 2012 ஜூலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேருக்குப் பயிற்சி என்று இங்கே பெரிய போராட்டம் ஆனதே! முதலமைச்சர் ஜெயலலிதா எதிர்ப்புத் தெரிவிக்க, பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றினார்கள். மாற்றியதற்கும் போராட்டம். அப்புறம் குன்னூர் வெலிங்டன் கல்லூரி விவகாரம். நாமும் கூட்டாளி நாட்டுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள்தானே. அதற்கு எந்தச் சட்டம்?

#15 மட்டுறுத்துநர்

2012 விவகாரத்துக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது, 400 பதிவு தாண்டிப் பூட்டியாயிற்று. இங்கே சட்டமும் நிதியும் மட்டும், தயவுசெய்து.

#16 கருவூலத்தார்

கொங்குத்தம்பியின் கடைசிக் கேள்வி இழைக்குள்தான் வருகிறது, பதில் சொல்லிவிடுகிறேன். நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. பூட்டானின் ஹாவில் 1962 முதல் இந்திய இராணுவப் பயிற்சிக் குழு இருக்கிறது. அறுபது ஆண்டுக்கு மேல்! இதற்கெல்லாம் நாடாளுமன்றம் ‘பூட்டான் படைப்பயிற்சிச் சட்டம்’ என்று ஒன்றும் போடவில்லை. அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைக்குள் அடங்கிப் போகும். பல நாள் விவாதமே இல்லாமல் எல்லா மானியக் கோரிக்கைகளையும் ஒரேயடியாக நிறைவேற்றிவிடுவார்கள், கில்லட்டின் என்று பெயர். எந்த நாட்டுக்கு, எந்தப் படைப்பிரிவுக்கு, என்ன நிபந்தனையில் என்று ஓர் உறுப்பினர் நாட்டின் பெயர் போட்டுத் திருத்தம் கொண்டுவர அங்கே இடம் இருக்கிறது. இங்கே அந்த வழக்கமே இல்லை. நல்லதோ கெட்டதோ, வித்தியாசம் இதுதான்.

#17 வைகைக்கரை

ஒரு சந்தேகம். இவ்வளவு கறாராகச் சட்டம் போட்டு ஒதுக்கிய பணத்தை 2019இல் டிரம்ப் நிறுத்தி வைத்தாரே, அது எப்படி முடிந்தது? பிள்ளைகள் இதை நிச்சயம் கேட்பார்கள்.

#18 கருவூலத்தார்

இதை எழுதத்தான் காத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாள் முழுக்கப் பார்த்த தந்திரம், அங்கே அதிபர் அளவில் நடந்தது.

2019 நிதியாண்டுக்கு முன்முயற்சிக்கு 25 கோடி டாலர். பாதி, அதாவது 12.5 கோடி, தாமரைச்செல்வி அம்மா சொன்ன சான்றுக்காகக் காத்திருந்தது. மே மாதம் பென்டகன் சான்று கொடுத்துவிட்டது: ஊழலைக் குறைக்கத் தேவையான நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள், விடலாம் என்று. ஜூன் 18இல் அறிவிப்பும் வந்தாயிற்று. ஆக, சட்டம் கேட்ட எல்லாம் முடிந்தது. அப்புறம் நிறுத்தினார்கள். எப்படி? வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் துறைகளுக்குப் பணத்தைத் தவணை தவணையாகப் பிரித்துவிடும் தாள் ஒன்று உண்டு. அந்தத் தாளில் ஓர் அடிக்குறிப்பு எழுதினார்கள், ‘இந்தத் தேதி வரை செலவுக்கு எடுக்க வேண்டாம்’ என்று. முதல் குறிப்பு ஜூலை 25. டிரம்ப் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியிடம், தன் அரசியல் எதிரி பைடனை விசாரிக்கச் சொன்ன அந்தப் பேர்போன தொலைபேசி உரையாடல் நடந்த அதே நாள். தேதி முடிய முடிய மறுபடி ஓர் அடிக்குறிப்பு, மறுபடி ஒன்று.

கோப்பில் ‘பேசவும்’ என்று ஒற்றைச் சொல் எழுதித் திருப்பி அனுப்பும் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறீர்களா? மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை, ஆனால் மார்ச் 31 வந்துவிடும், பணம் செத்துவிடும். எங்கள் கருவூலத்தில் மார்ச் கடைசி வாரம் இரவு பதினோரு மணி வரை ஒப்பந்தக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். ஒரு முறை உயர் அலுவலகம் ஒன்றிலிருந்து இப்படித் திரும்பி வந்த கோப்பால் ஒரு விடுதிப் பிள்ளைகளின் போர்வைப் பணம் போனது. அடுத்த குளிருக்குத்தான் போர்வை வந்தது.

அங்கே மார்ச் 31க்குப் பதில் செப்டம்பர் 30. வெளியுறவுத் துறை வழியான 14.1 கோடியும் சேர்ந்து நின்றது, மொத்தம் 39.1 கோடி. செப்டம்பர் 11இல் திறந்துவிட்டார்கள், மிச்சம் மூன்று வாரம்கூட இல்லை. 2020 ஜனவரி 16இல் அரசுக் கணக்காய்வு அலுவலகம் தீர்ப்பு மாதிரி ஓர் அறிக்கை கொடுத்தது: கொள்கைக் காரணத்துக்காகப் பணத்தை நிறுத்தியது 1974ஆம் ஆண்டின் நிதி முடக்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மீறிய செயல் என்று. அதற்குள் டிசம்பர் 18இல் பிரதிநிதிகள் சபை இதே விவகாரத்தில் டிரம்ப் மேல் பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. பிப்ரவரி 5இல் செனட் விடுவித்துவிட்டது.

சட்டத்தை மீறியதற்கு யார் சிறைக்குப் போனார்கள் என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தில் தண்டனைப் பிரிவே இல்லை.

#19 சுழியம்

கருவூலத்தார் ஐயா, நீங்கள் என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். சட்டம் போட்டாலும் ஓர் அடிக்குறிப்பில் நிற்கும் என்றால் அந்த உதவியை நம்பி ஒரு நாடு படையைக் கட்டலாமா?

#20 பழைய உஸ்தாத்

நம்பித்தான் கட்டினார்கள், தம்பி. வேறு வழி இருந்ததா?

2022 பிப்ரவரியில் யாவோரிவில் இருந்தது புளோரிடா நேஷனல் கார்டு, சுமார் 160 பேர். ரஷ்யப் படையெடுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், 12ஆம் தேதி, அவர்களை வெளியே எடுக்க உத்தரவு. மார்ச் 13 அதிகாலை அந்த மைதானத்தின் மேல் முப்பது ஏவுகணை வரை விழுந்தது. 35 பேர் இறந்ததாக லிவிவ் ஆளுநர் சொன்னார். வகுப்பு நடந்த அதே இடம்.

அதன் பிறகு பயிற்சி நாட்டுக்கு வெளியே போனது. பிரிட்டனில் ‘இன்டர்ஃபிளக்ஸ்’ என்ற பயிற்சித் திட்டம், முதலில் மூன்று வாரம், சீக்கிரமே ஐந்து வாரமாக்கினார்கள். கடைக்காரர், டிரைவர், ஆசிரியர் என்று நேற்று வரை துப்பாக்கி பார்க்காதவர்களுக்கு ஐந்து வாரம். எங்கள் ரெக்ரூட்டுக்கு ஐந்து வாரத்தில் சல்யூட்டே ஒழுங்காக வராது. ஜெர்மனியின் கிராஃபன்வேயரில் 2023 ஜனவரியில் இருந்து பட்டாலியன் பட்டாலியனாக, டாங்கியும் காலாட்படையும் பீரங்கியும் சேர்ந்து முன்னேறும் பாடம். அந்தப் பட்டாலியன்கள்தான் அந்தக் கோடையின் எதிர்த்தாக்குதலில், தென் உக்ரைனின் ஓரிகிவ் ஊருக்குத் தெற்கே கண்ணிவெடி வயலில் போய் முட்டிக்கொண்டன. பாடம் தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பாடம், வானம் நம்முடையது என்று வைத்துக்கொண்டு எழுதியது. அங்கே வானத்தில் ரஷ்ய ஹெலிகாப்டரும் டிரோனும். உஸ்தாத் தன் ஊர்ச் சண்டையைத்தான் சொல்லிக்கொடுப்பான், அவனுக்குத் தெரிந்தது அதுதானே.

#21 யாழ்நிலவன்

பிரான்ஸில் பயிற்சி பெற்ற 155ஆவது பிரிகேடில் இருந்து நிறையப் பேர் அனுமதியின்றி ஓடிப் போனார்கள், 2024 முடியும்போது உக்ரைனில் விசாரணையே தொடங்கியது. அங்கே பயிற்சியின் தரத்தில் குறை சொன்னவர்கள் குறைவு. புதுப் பிரிகேடைப் பிரித்துப் பிரித்து வேறு படைகளுக்கு அனுப்பினதுதான் பிழை என்று உக்ரைன் பத்திரிகையாளர்களே எழுதினார்கள்.

#22 சுழியம்

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உஸ்தாத் அண்ணன் சொல்கிற பயிற்சி வேறு, நான் திட்டிய ‘பயிற்சி’ வேறு. ஆனால் 2024 ஏப்ரலில் போட்ட சட்டத்தைப் பாருங்கள். உக்ரைனுக்கு மட்டும் சுமார் 6,100 கோடி டாலர், அதில் இந்த முன்முயற்சிக்கு 1,380 கோடி. சபையில் 311க்கு 112. ஆறு மாதம் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் அந்தப் பணத்தில் பெரும்பகுதி எங்கள் மாநிலத் தொழிற்சாலைகளுக்குத்தான் வரும் என்று உறுப்பினர்களே சொல்லித்தான் ஓட்டு வாங்கினார்கள். அதை நான் கற்பனை செய்யவில்லை.

#23 கருவூலத்தார்

அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

#24 தாமரைச்செல்வி

வைகைக்கரை, உங்கள் மாணவியின் பூட்ஸ் கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டோம். நேற்று இரவு சட்ட வாசகத்தை வைத்துக்கொண்டு தேடினேன். 2015இல் எழுதிய 1250ஆம் பிரிவில் பயிற்சி, கருவி, தளவாட ஆதரவு, பொருள்கள், சேவைகள் என்று பட்டியல் இருக்கிறது. பூட்ஸ் ‘பொருள்கள்’ என்பதற்குள் தாராளமாக வரும். படையெடுப்புக்குப் பிறகு வந்த ஒதுக்கீட்டுச் சட்டங்களில் அதே பட்டியலில் இரண்டு புதுச் சொற்கள் ஏறியிருக்கின்றன: சம்பளமும் உதவித்தொகையும். அதைப் பார்த்ததும் எனக்குக் காபூல் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு, ஆப்கன் அரசு மாதிரி உக்ரைன் தன் படைச் சம்பளத்துக்கு முழுக்க வாஷிங்டனை நம்பியிருக்கவில்லை. சொந்த வரிப்பணத்தைப் பெரும்பாலும் படைக்கே கொட்டுகிறார்கள். ஆசிரியர் சம்பளம், ஓய்வூதியம் போன்றவற்றுக்குத்தான் வெளிப்பணம்.

#25 பழைய உஸ்தாத்

எங்களிடம் வந்த பையன்களில் பாதிப் பேர் சொந்த பூட்ஸோடு வந்தார்கள், பாதிப் பேருக்கு நம் ஸ்டோரில் கொடுத்தோம். அவர்கள் ஊர் அளவு எண் வேறு, நம் எண் வேறு. ஸ்டோரில் இருந்த நாயக் ஒருவன், அவர்கள் காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்தான். முதல் வாரம் முழுக்கக் கொப்புளம். மாணவியிடம் சொல்லுங்கள், காசு யாருடையதாக இருந்தாலும் கொப்புளம் சிப்பாயுடையது.

#26 வைகைக்கரை

அப்படியே சொல்லிவிடுகிறேன், அண்ணா. எல்லாருக்கும் நன்றி. அட்டவணையைத் திருத்திவிட்டேன். அனுமதிக்கு ஒரு பத்தி, ஒதுக்கீட்டுக்கு ஒரு பத்தி. 2019 வரிசையில் 25 கோடி, 2020 வரிசையில் 25 கோடி. ஐயா ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், திங்கள் கிழமை நகல் எடுக்கக் கொடுக்க வேண்டும்.

#27 கருவூலத்தார்

சரியாக இருக்கிறது. ஒரே ஒரு இடம். 2019 பணத்தில் சுமார் 3.5 கோடி டாலர் செப்டம்பர் 30க்குள் செலவுக்கு எடுக்க முடியாமல் நின்றுபோய், காங்கிரஸ் தனியாக ஒரு வரி எழுதி அடுத்த ஆண்டுக்கு உயிர் கொடுத்தது. அதைப் புதுப்பணம் என்று 2020 வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். 2019லேயே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள்.